முகூர்த்த நாளுக்கு ஒரு முகம்

"மேக்கப் கற்றுக்கொள்ளுங்கள், மாதம் ஒரு லட்சம் சம்பாதியுங்கள்" என்ற விளம்பரம் என் கைபேசியில் வாரத்துக்கு நாலு முறையாவது எட்டிப் பார்க்கிறது. என் அக்கா மகளின் கைபேசியில் அதைவிட அதிகமாக வரும்போல. பி.காம். கடைசி ஆண்டில் இருக்கிறவள், பொங்கலுக்கு வந்தபோது ஆரம்பித்தாள்: "சித்தி, ஒன்றரை லட்சம் ஃபீஸ், மூணு மாசக் கோர்ஸ். முடிச்சா ஒரு கல்யாணத்துக்கே இருபத்தஞ்சாயிரம் வாங்கலாம்." அக்காவுக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான். "அதெல்லாம் சரிடி, மாசம் எவ்வளவு வரும்?" நான் திருச்சியில் கணக்கு எழுதிக்கொடுத்து வருமான வரிப் படிவம் தாக்கல் செய்கிற சின்ன அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். என்னிடம் வருகிறவர்களில் மேக்கப் ஆர்ட்டிஸ்டுகளும் உண்டு. ஆகவே பதில் என்னிடம்தான் இருக்கிறது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அன்றைக்கு ஏதோ மழுப்பிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. மளிகைக் கடைக்கு, லேத் பட்டறைக்கு, டியூஷன் சென்டருக்கு எல்லாம் மாதம் சுமாராக இவ்வளவு என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இந்தத் தொழிலுக்கு மட்டும் ஏன் சொல்ல வரவில்லை?

அந்த ஒரு லட்சம் முழுப் பொய் இல்லை, அதுதான் தொல்லை. அப்படி ஒரு தொகை வங்கிக் கணக்கில் வந்து விழும் மாதங்களை நான் ஸ்டேட்மென்டில் பார்த்திருக்கிறேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ஆடி மாதம் இருக்கும். 1,500, 2,000 என்று ஏதோ இரண்டு வரவு மட்டும். பிறகு ஆவணி பிறந்ததும் மறுபடி வெள்ளம். இந்தத் தொழிலில் மாத வருமானம் என்று ஒன்றைச் சொல்வதே கொஞ்சம் அசட்டுத்தனம்.

பஞ்சாங்கம் போடுகிற வேலி

ரேட் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் புதிதாக வந்தவர்கள் ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து 8,000க்குக்கூட ஒத்துக்கொள்கிறார்கள். நாலைந்து வருடம் நின்றவர்கள் 18,000 முதல் 30,000 வரை. ஹெச்டி, ஏர்பிரஷ் என்று பெயர் மாற மாற ஐந்தாயிரம் ஏறும். சென்னையில் பெயர் வாங்கியவர்கள் லட்சத்தைத் தாண்டியும் வாங்குகிறார்கள். சினிமா ஒப்பனைக்கு இந்திய அரசு கொடுக்கும் தேசிய விருதின் பரிசுத்தொகையை 70ஆவது விருதுகளில்தான் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தினார்கள். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் இரண்டில் அதை எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி ஒப்பீடுகள்தான் விளம்பரம் போடுகிறவர்களுக்குச் சாப்பாடு.

ஆனால் ரேட்டைப் பெருக்குவதற்கு இன்னொரு எண் வேண்டும், எத்தனை கல்யாணம் என்று. அங்கேதான் பஞ்சாங்கம் குறுக்கே நிற்கிறது. ஆடியில் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. மிச்ச மாதங்களிலும் வளர்பிறை, தேய்பிறை எல்லாம் பார்த்து மண்டபங்கள் நிரம்புகிற நாட்கள் வருடத்துக்கு ஐம்பது, அறுபதுதான் தேறும். அந்த நாட்களில் ஊரிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் ஒரே நேரத்தில் கல்யாணம். ஒரு ஆர்ட்டிஸ்ட் ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு முகத்துக்குத்தான் மை தீட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் ஒருத்தியைத் தேடி பத்துப் பேர் அழைப்பார்கள், ஒன்பது பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும். வெறும் புதன்கிழமை முகூர்த்தத்துக்கு போன் அடிக்கவே அடிக்காது.

அந்த ஒரு முகத்துக்குப் போகிற நேரத்தையும் பார்க்க வேண்டும். முதல்நாள் மாலை ஏழு மணிக்கு ரிசப்ஷன் என்றால் மூன்று மணிக்கே மணமகள் அறையில் இருக்க வேண்டும். பத்தரை, பதினொன்றுக்கு மேடையை விட்டு இறங்கியதும் ஸ்ப்ரே அடித்து இறுகிப்போன கொண்டையைப் பிரித்து, முகத்தைத் துடைத்துப் படுக்க அனுப்புவதற்குள் நள்ளிரவு. முகூர்த்தம் நாலரை ஆறு என்றால் இரண்டு மணிக்கு மறுபடி பெண்ணை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். நடுவே இரண்டு மணி நேரத்துக்கு ஊருக்கா திரும்ப முடியும்? பெண்ணின் ஒன்றுவிட்ட அத்தை குறட்டை விடுகிற அறையில், பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு சுருண்டு படுப்பதுதான். பட்டுப்புடவை, பூஜடை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் சரிசெய்து மணவறைக்கு அனுப்பினால், ஹோமப் புகையில் கண் கலங்கி மை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள அங்கேயும் நிற்க வேண்டும். முதல்நாள் மூன்று மணிக்கு ஆரம்பித்தது மறுநாள் எட்டு மணிக்கு முடிகிறது. 20,000 ரூபாய் என்று சொல்லும்போது இந்த பதினேழு மணி நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உதவிக்கு ஆள் வைத்து இரண்டு கல்யாணம் ஒத்துக்கொள்ளலாமே என்று நான் ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார். "நீங்களே வரணும் மேடம், அசிஸ்டென்ட்டை அனுப்பிடாதீங்கன்னு முதல் போன்லயே சொல்லிடுறாங்க." இன்ஸ்டாகிராமில் பார்த்த அந்தக் கைக்குத்தான் காசு. அந்தக் கை இரண்டாகப் பிரியாது.

இந்த வேலியைத் தாண்டுகிறவர்கள் சிலர் உண்டு, அவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை. முஸ்லிம், கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணங்களை விடாமல் பிடித்து வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சாங்கம் பாதிதான் பொருட்டு. ரமலான், தவக்காலம் என்று அங்கேயும் ஓய்வு மாதங்கள் உண்டு, ஆனால் அவை ஆடியோடு சேர்ந்து வரவேண்டும் என்றில்லை. சென்னையில் பரதநாட்டியத்துக்கு ஒப்பனை செய்பவர்களுக்கோ கணக்கு தலைகீழ். கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கிற மார்கழியில்தான் சபாக்களில் அவர்களுக்கு நிற்க நேரம் இருக்காது. அப்புறம் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் அவரவர் பிறந்த மாதம், நட்சத்திரம் பார்த்து நடப்பவை. ஆடியில் பிறந்தவருக்கு ஆடியில்தான் செய்வார்கள். அதனால் அமிர்தகடேஸ்வரர் சன்னதியில் வருடம் முழுக்க மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள். அம்மாவுக்கு லேசாக மேக்கப், மடிசார் அல்லது பட்டுப்புடவை கட்டிவிடுவது, மகளுக்கும் மருமகளுக்கும் கொண்டை என்று அங்கே ஒரு தனி வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. கோர்ஸ் நடத்துகிறவர்கள் யாரும் இதை விளம்பரத்தில் போடுவதில்லை. அறுபது வயது முகத்தை ரீல்ஸில் காட்டினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

கோடம்பாக்கத்துக் காசு

அக்கா மகள் அடுத்துக் கேட்டது எல்லோரும் கேட்பதுதான்: "சினிமாவுக்குப் போனா?"

சினிமாவில் கல்யாணத்துக்கு நேர்மாறான ஏற்பாடு. அங்கே ரேட் பேசுவது நாம் இல்லை, சங்கம். ஃபெப்சி என்கிற திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இருக்கிற சங்கங்களும் தயாரிப்பாளர்களும் உட்கார்ந்து பேசுகிற ஊதியம்தான் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று அமைகிறது. சங்க உறுப்பினர் கார்டு இல்லாமல் உள்ளே போவது கஷ்டம், கார்டு வாங்க ஒரு பெரிய தொகையும் வேண்டும், தெரிந்த ஆளும் வேண்டும். உதவியாளராகச் சேர்ந்து கூட்டத்துக்குப் பவுடர் போட்டு, துணை நடிகர்களுக்குப் போட்டு, முக்கிய முகங்களைத் தொடுவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். வேலை இருந்தால் நாள்கூலி, இல்லாவிட்டால் இல்லை. 2018இல் மார்ச் மாதம் தொடங்கி 48 நாள் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020இல் மார்ச் 19ஆம் தேதியிலிருந்து கொரோனாவுக்காகப் படப்பிடிப்பு நின்றது. இரண்டு முறையும் நட்சத்திரங்களுக்குப் படம் தள்ளிப்போனது, இவர்களுக்கு அடுப்பு நின்றது.

பெண்களுக்கு இன்னொரு சுவரும் இருந்தது. மேக்கப் என்றால் ஆண், பெண் வந்தால் தலை அலங்காரத்துக்கு மட்டும் என்ற வழக்கம் ஐம்பது வருடங்களுக்கு மேல் இருந்தது. மும்பையில் சாரு குரானா என்பவருக்குப் பெண் என்பதாலேயே ஒப்பனைக் கலைஞர் அட்டை தர மறுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2014 நவம்பர் 10ஆம் தேதி அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஊரெல்லாம் பெண்களே மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்துகொண்டிருந்த காலத்தில், கேமராவுக்கு முன்னால் மட்டும் அதே வேலையை ஒரு பெண் செய்ய நீதிபதிகள் அனுமதி தரவேண்டியிருந்தது. மணப்பெண் மேக்கப் இத்தனை பெரிய தொழிலாக வளர்ந்ததற்கு இந்தப் பூட்டிய கதவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். திறமை இருக்கிற பெண்களுக்கு வேறு எங்கே போக வழி இருந்தது?

சினிமா ஒப்பனையில் பணம் பார்த்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எம்.ஜி.ஆருக்கும் என்.டி.ஆருக்கும் ஒப்பனை செய்த பீதாம்பரம், இயக்குநர் பி. வாசுவின் தந்தை, பிறகு தயாரிப்பாளர் ஆனார். ஏ.எம். ரத்னம் விஜயசாந்திக்கு மேக்கப் போட்டவர், பின்னால் தமிழின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவர். இரண்டு பேரும் பெரிய நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே பல காலம் நின்றார்கள். பெரிய காசு வந்தது பிரஷ்ஷைக் கீழே வைத்த பிறகு. முகம் தொடும் கூலியில் வந்த செல்வம் அது என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் ஒரு நட்சத்திரத்தின் சொந்த மேக்கப்மேன் என்றால் சம்பளத்தைத் தயாரிப்பாளர் கொடுக்கிறார், சங்க ரேட்டைவிட அதிகமாகவே கொடுக்கிறார். நட்சத்திரங்களின் உதவியாளர் படைக்குப் படி கொடுத்து மாளவில்லை என்று தயாரிப்பாளர்கள் அவ்வப்போது புலம்புவது இதைச் சேர்த்துத்தான்.

இதில் வரிக்காரியாக எனக்கு மட்டும் சுவாரஸ்யமான ஒரு விஷயம். வருமான வரி விதிகளில் 'திரைக்கலைஞர்' யார் யார் என்று ஒரு பட்டியல் உண்டு. நடிகர், ஒளிப்பதிவாளர், இயக்குநர், இசையமைப்பாளர், நடன இயக்குநர், பாடகர், பாடலாசிரியர், கதாசிரியர், வசனகர்த்தா, எடிட்டர், கலை இயக்குநர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆடை வடிவமைப்பாளரும் இருக்கிறார். ஒப்பனைக் கலைஞர் இல்லை. பட்டியலில் இருப்பவர்கள் வரவில் பாதியை வருமானம் என்று காட்டிவிட்டு, கணக்குப் புத்தகம் வைக்காமல் தப்பிக்க ஒரு வழி உண்டு. ஒப்பனைக்காரர்களை எந்த வகையில் சேர்ப்பது என்று ஒவ்வொரு முறையும் நானும் என் சீனியரும் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் சிறு வியாபாரி மாதிரி தாக்கல் செய்கிறோம்.

டிவி பக்கம் போனால் கதை சின்னது. செய்திச் சேனலில் மேக்கப் பிரிவுக்கு ஷிஃப்ட் உண்டு, மாதச் சம்பளம் உண்டு. நான் பார்த்த சம்பளச் சீட்டுகள் பதினைந்தாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் நடுவே. சீரியலில் ஒரு கதை மூன்று வருடம் ஓடினால் மூன்று வருடத்துக்குக் கவலையில்லை. பெரிய சலூன்களிலும், மால்களில் இருக்கிற வெளிநாட்டு பிராண்டு கவுன்டர்களிலும் சம்பளமும் விற்பனைக்கு இன்சென்டிவும். இவற்றில் யாரும் பணக்காரர் ஆனதில்லை, ஆனால் பி.எஃப். பிடிக்கிறார்கள். பிஎஃப் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் அக்கா முகத்தில் வந்த நிம்மதியை எந்த ஹைலைட்டரும் கொண்டுவராது.

ஆடி மதியம், ஒரு டைரி

வருமான வரிப் படிவத்துக்கு ஜூலை 31தான் பல வருடங்களாக வழக்கமான கடைசி நாளாக இருந்தது. அது ஆடிக்குள் வந்தது எனக்குச் சௌகரியம். மேக்கப் ஆர்ட்டிஸ்டுகள் அப்போதுதான் சும்மா இருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களில் ஒருவர் உறையூர்ப் பக்கம், முப்பதைத் தாண்டியவர், கணவர் ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. அவர் யாரென்று தெரியாமலிருக்க எண்களை லேசாக மாற்றி, முழு எண்களாக்கிச் சொல்கிறேன், விகிதம் மாறவில்லை. வீட்டுக் கடனுக்கு வங்கி இரண்டு வருடப் படிவம் கேட்டது என்று வந்தார். "மாசம் ஒரு லட்சம் வருதுக்கா, ஆனா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. அவர் கேக்குறாரு, எனக்கே பதில் தெரியல" என்றார். அலுவலகத்தில் கூட்டம் இல்லை. டைரியைக் கொண்டுவரச் சொல்லி, ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

அந்த டைரி ஒரு தனி உலகம். அட்வான்ஸ் வந்ததற்குப் பச்சை டிக், பாக்கிக்குச் சிவப்பு வட்டம். பல வீடுகளில் ரிசப்ஷன் செலவு மாப்பிள்ளை வீட்டுடையது, முகூர்த்தம் பெண் வீட்டுடையது என்பதால் ஒரே மணமகளுக்கு இரண்டு போன் நம்பர். பாக்கியை நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும் என்று ஓரத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார். தாலி ஏறின பிறகு பெண்ணின் அப்பாவை மண்டபத்தில் கண்டுபிடிக்க முடியாது, தெரிந்ததுதானே.

வருடத்துக்கு 32 மணப்பெண்கள். சராசரியாக 20,000. ஆக 6 லட்சத்து 40 ஆயிரம். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம் என்று சின்ன விசேஷங்கள் 40, ஒவ்வொன்றும் 4,500. அது 1 லட்சத்து 80 ஆயிரம். முகத்தைத் தொட்டு வந்த காசு மொத்தம் 8 லட்சத்து 20 ஆயிரம். நல்ல தொகைதான் என்று இரண்டு பேரும் தலையாட்டினோம். அப்புறம் செலவை எழுத ஆரம்பித்தேன். ஒரு கல்யாணத்துக்கு ஒட்டு இமை, ஸ்பாஞ்ச், ஃபவுண்டேஷன் தேய்மானம் எல்லாம் சேர்த்து 2,000. உதவிக்கு வரும் பெண்ணுக்கு 2,000. கொண்டை போட வேறு ஆள், அவருக்கு 3,000. கார் 1,500. இவர் தனக்கு வந்ததாக நினைத்த 20,000இல் மிஞ்சியது 11,500. சின்ன விசேஷத்தில் பொருளும் ஆட்டோவும் போக 3,700. இதெல்லாம் சேர்ந்து 5 லட்சத்து 16 ஆயிரம். இன்னும் முடியவில்லை. பெட்டியில் இருக்கிற பொருள்கள் காலாவதியாகும். திறந்த மஸ்காராவுக்கு ஆயுள் சில மாதம், ஃபவுண்டேஷனுக்கு ஒரு வருடம், பாதி குப்பி மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்லா நிறத்துக்கும் ஷேடு வைத்திருக்க வேண்டும். அதற்கு வருடம் 90,000. வீட்டு முன்னறை பத்தாது என்று எடுத்த சின்ன அறைக்கு வாடகை மாதம் 8,000, ஆக 96,000. மாடலை வைத்து ஃபோட்டோஷூட், இன்ஸ்டாகிராம் விளம்பரம் 40,000. கழித்துப் பார்த்தால் நின்றது 2 லட்சத்து 90 ஆயிரம். மாதத்துக்கு 24,000.

அவர் பேசவில்லை. மறுபடி ஒருமுறை கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அதேதான் வந்தது.

"ஆனா இதைவிட அதிகமா வருதேக்கா?" வருகிறதுதான். டைரியின் பின்பக்கத்தில் இருந்து வருகிறது. கோயில் நகை மாதிரி கவரிங் செட் மூன்று வாங்கி வைத்திருந்தார். ஒரு கல்யாணத்துக்கு 3,000 வாடகை. தன் மணப்பெண்களுக்கும் கொடுப்பார், வேறு ஆர்ட்டிஸ்டுகளுக்கும் கொடுப்பார். 25 முறை போய்வந்திருந்தது. அப்புறம் புடவை மடிப்பு. முன்கூட்டியே கொசுவம் வைத்து, அயர்ன் செய்து, பெட்டி மடிப்பாக மடித்துக் கொடுப்பது. கட்டத் தெரியாதவர்கள் இடுப்பில் செருகினால் போதும். ஒன்றுக்கு 600 வீதம் வருடத்தில் 150 புடவை. இரண்டும் சேர்ந்து 1 லட்சத்து 65 ஆயிரம், செலவு போக 1 லட்சத்து 30 ஆயிரம். அப்புறம் வகுப்பு. ஆடியில் ஆறு பேர், மார்கழியில் ஆறு பேர், தலைக்கு 15,000. வரவு 1 லட்சத்து 80 ஆயிரம், செலவு 30,000. எல்லா வரவும் கூட்டினால் 11 லட்சத்து 65 ஆயிரம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இவர் சொன்ன ஒரு லட்சம் அதுதான், விளம்பரங்கள் சொல்கிற ஒரு லட்சமும் அதுதான். கையில் நின்றது 5 லட்சத்து 70 ஆயிரம், மாதத்துக்கு 47,500. அதிலும் பாதி, இரவு முழுக்க விழித்து முகத்தைத் தொட்டதால் வரவில்லை. அலமாரியில் தூங்குகிற நகையும், இஸ்திரிப் பெட்டியும், ஆடி மாத வகுப்பும் கொண்டுவந்தது.

நான் நல்ல செய்தி சொல்லிவிட்டதாக நினைத்தேன். மாதம் 47,500 திருச்சியில் சின்னத் தொகை இல்லை. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியும் வராது, ஜிஎஸ்டி வரம்பான 20 லட்சத்துக்கும் வெகு கீழே. அவர் முகம் மட்டும் வாடிவிட்டது. "அப்ப நான் என்னதான் தொழில் பண்றேன்? நகை வாடகைக்கு விடுறவளா, மேக்கப் ஆர்ட்டிஸ்டா?" என்றார். அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது, அவமானமும் இருந்தது. அவர் கை நல்ல கை. கறுப்பு நிறத்தை வெளுக்கச் செய்யாமல் அந்த நிறத்திலேயே ஒரு பெண்ணைப் பளிச்சென்று காட்டுகிற கை. மாமியார் வீட்டார் "இன்னும் கொஞ்சம் கலர் ஏத்துங்க" என்று பின்னால் நின்று நச்சரித்தாலும் அசையாத கை. அந்தக் கைக்கு இந்த ஊர் கொடுப்பது மாதம் 24,000தான் என்று ஒரு காகிதம் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

அன்றிலிருந்து எனக்கு வகுப்புகளைப் பற்றிய எண்ணமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் கோர்ஸ் நடத்துகிறவர்கள் ஆசை காட்டி ஏமாற்றுகிறார்கள் என்றே நினைப்பேன். இப்போது அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. பஞ்சாங்கம் வருடத்தில் மூன்று மாதம் கதவைச் சாத்தினால், வாடகை கட்ட வேண்டியவர்கள் தெரிந்த வித்தையைத்தான் விற்பார்கள். ஆனால் ஆடியில் கற்றுக்கொண்ட ஆறு பேரும் தை மாதம் அதே ஊரில் அதே முகூர்த்தத்துக்கு 8,000 ரூபாய்க்கு வந்து நிற்பார்கள். அனுபவம் சேரட்டும், படம் கிடைக்கட்டும் என்று லாபமே பார்க்காமல் செய்வார்கள். பெண் வீட்டார் அந்த ரேட்டை இவரிடம் காட்டி பேரம் பேசுவார்கள். தன் காலடி மண்ணைத் தானே பறித்து விற்கிற தொழில் வேறு எதிலாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று அகப்படவில்லை. இதற்காக யாரைக் குறை சொல்வது என்றும் தெரியவில்லை. எனக்குக் கோபம் வருவது ஒன்றே ஒன்றில்தான்: வரவை வருமானம் என்று காட்டி, இருபது வயதுப் பெண்ணைக் கடன் வாங்க வைப்பது. ஒன்றரை லட்சத்தை முத்ரா கடனில் வாங்கித் தருகிறோம் என்று அந்தப் பயிற்சி நிலையத்திலேயே என் அக்கா மகளிடம் சொல்லியிருந்தார்கள். தொழில் தொடங்குவதற்குத் தரும் கடனை, தொழில் தொடங்குவதற்கு முன்பே ஃபீஸாக வாங்கிப் போட்டுக்கொள்கிற சாமர்த்தியம்.

அக்கா மகளிடம் அந்தக் காகிதத்தை, பெயர் இல்லாமல், காட்டினேன். பயந்துவிடுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவள் பி.காம். படிக்கிறவள் அல்லவா, நேராகப் பின்பக்கத்துக்குப் போய்விட்டாள். "சித்தி, புடவை மடிப்புக்கு முதலீடே இல்லையே. இஸ்திரிப் பெட்டியும் டேபிளும் போதும். இதை நான் இப்பவே ஆரம்பிக்கலாமே" என்றாள். இப்போது வாரத்துக்கு நாலைந்து புடவை மடிக்கிறாள். கோர்ஸை விடவில்லை, தள்ளிப் போட்டிருக்கிறாள். தெரிந்த ஒரு ஆர்ட்டிஸ்டுக்கு உதவியாளாக ஒரு சீசன் முழுக்க இரவு விழித்துப் பார்த்துவிட்டு, அப்போதும் பிடித்திருந்தால் காசு கட்டுவதாக அவளுக்கும் அக்காவுக்கும் உடன்பாடு. முதல் கல்யாணம் முடிந்து காலை ஒன்பது மணிக்கு வந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லையாம். இடுப்பு வலி என்றாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "பிடிச்சிருக்கு, அதான் பிரச்சனை" என்றாள்.

உறையூர்க்காரர் ரேட்டை ஏற்றவில்லை. ஏற்றினால் எட்டாயிரம் ரூபாய்க்காரர்களிடம் போய்விடுவார்கள் என்று பயம், அதில் நியாயமும் இருக்கிறது. அவர் வேறொன்று செய்தார். மணமகள் அறையில் "அப்படியே அம்மாவுக்கும் கொஞ்சம் போட்டு விட்டுடும்மா", "அண்ணிக்கு லிப்ஸ்டிக் மட்டும்" என்று ஆரம்பித்து, ஆளாளுக்கு நாற்காலியில் வந்து உட்காருவது இந்தத் தொழிலில் எல்லோரும் சகித்துக்கொள்கிற ஒன்று. ஒரு கல்யாணத்துக்கு மூன்று, நாலு முகம் இலவசமாகப் போகும், பொருளும் நேரமும் இவருடையது. இப்போது அட்வான்ஸ் வாங்கும்போதே வாட்ஸப்பில் அனுப்புகிற பட்டியலில் தனி வரி சேர்த்திருக்கிறார்: அம்மா 3,500, அண்ணி 3,500, நாத்தனார் 3,500, புடவை மட்டும் கட்டிவிட 800. சண்டைக்கு வருவார்கள் என்று நடுங்கிக்கொண்டுதான் அனுப்பினாராம். பெரும்பாலானவர்கள் அம்மாவுக்கு மட்டும் டிக் போட்டுப் பணத்தை அனுப்பிவிட்டார்கள். ஒரு மாப்பிள்ளை மட்டும் இரவு பதினோரு மணிக்குத் தனியாக மெசேஜ் போட்டிருக்கிறார், லிஸ்டில் மாப்பிள்ளைக்கு ரேட் போடவில்லையே, எவ்வளவு என்று.